உறுதியற்ற சூழலில் முடிவெடுத்தலும் செரோட்டோனினின் பங்கும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் இதழ்களின் நலவாழ்வுப் பகுதிகள் செரோட்டோனினை ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்றே அறிமுகப்படுத்துகின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்த நரம்பறிவியல் ஆய்வுகள் இப்பெயரை ஆதரிக்கவில்லை. விளைவு இன்னதென்று தெரியாத நிலையில் எவ்வளவு நேரம் காத்திருப்பது, பழைய நம்பிக்கையை எப்போது கைவிடுவது, ஒரு பேற்றுக்கோ இழப்புக்கோ எவ்வளவு மதிப்பளிப்பது ஆகிய கணக்குகளில் இவ்வேதிப்பொருள் தலையிடுவதாகவே அவை காட்டுகின்றன. மனிதரிடத்தும் விலங்கினத்தும் நிகழ்த்தப்பெற்ற முதன்மையான சோதனைகளின் வழி இக்கருத்தை விளக்குவதும், மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிய புரிதலுக்கு இதனால் நேரும் மாற்றத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிச்சொற்கள்: செரோட்டோனின், முடிவெடுத்தல், இடர்நிலை, அறியாநிலை, மாறுநிலை, டிரிப்டோஃபேன், வலுவூட்டல் கற்றல்

முன்னுரை

செரோட்டோனின் எது என்று வகுப்பறையில் வினவினால், ‘மகிழ்ச்சியைத் தரும் சுரப்பு’ என்னும் விடை உடனே வரும். அவ்விடை மாணவரின் பிழையன்று. வாழைப்பழம் உண்டால் செரோட்டோனின் கூடும், அதனால் மனம் மகிழும் என்று எழுதப்பெறும் குறிப்புகளின் விளைவு அது. வாழைப்பழத்தில் செரோட்டோனின் உண்டு என்பது மெய்யே. எனினும், உணவிலுள்ள செரோட்டோனின் குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து மூளைக்குள் நுழைவதில்லை. மேலும், உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குடலில் உள்ளது. அங்கு அதன் பணி குடலின் அசைவோடு தொடர்புடையது. மூளையில் உள்ளது எஞ்சிய சிறு பங்கின் ஒரு பகுதியே. மூளை தனக்கு வேண்டிய செரோட்டோனினைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

பெயர் தவறானால் என்ன கேடு என்று கேட்கலாம். மனச்சோர்வுக்கு மருந்து உண்பவர், ‘மகிழ்ச்சிப் பொருள் எனக்குள் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்பும்’ என்று எண்ணிக்கொள்கிறார். சில நாளில் மகிழ்ச்சி வராதபோது மருந்தையும் தன்னையும் ஒருசேர ஐயுறுகிறார். ஆகவே, அப்பொருள் மூளையில் உண்மையில் என்ன செய்கிறது என்பதைத் தமிழில் தெளிவுற எழுதிவைப்பது வெறும் கலைச்சொல் திருத்தமாகாது.

உறுதியின்மையின் மூன்று நிலைகள்

‘உறுதியின்மை’ என்னும் ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. அமெரிக்கப் பொருளியலறிஞர் ஃபிராங்க் நைட் 1921-இல் வெளியிட்ட நூலில் இவற்றுள் இரண்டை வேறுபடுத்தினார். நிகழ்தகவு தெரிந்திருக்க, விளைவு மட்டும் தெரியாதிருப்பது ஒன்று. பகடை உருட்டுவது இவ்வகையினது. நிகழ்தகவே தெரியாதிருப்பது மற்றொன்று. 1961-இல் டேனியல் எல்ஸ்பெர்க் இவ்வேறுபாடு மனிதரின் தேர்விலும் உண்டு என்பதை எளிய வாதத்தால் நிறுவினார். ஒரு குடத்தில் 50 சிவப்புப் பந்துகளும் 50 கறுப்புப் பந்துகளும் உள்ளன. மற்றொரு குடத்திலும் 100 பந்துகள் உள்ளன. ஆனால் எந்நிறம் எத்தனை என்பது தெரியாது. பந்தயம் கட்டச் சொன்னால் பெரும்பாலோர் முதற்குடத்தையே நாடுவர். சிவப்பின்மேல் கட்டினாலும் கறுப்பின்மேல் கட்டினாலும் அவர்தம் விருப்பம் மாறுவதில்லை. கணக்கின்படி இது முரணானது. ஆயினும் மனித இயல்பு இதுவே.

மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு. நாம் நன்கறிந்திருந்த நிகழ்தகவே நமக்குத் தெரியாமல் மாறிவிடுவது அது. வழக்கமாகப் பழம் வாங்கும் கடையில் பத்துப் பழத்துக்கு ஒன்று அழுகியிருப்பது இயல்பு என்று கொள்வோம். ஒருநாள் நான்கு பழங்கள் அழுகியிருக்கின்றன. இது தற்செயலா? அல்லது கடைக்காரர் சரக்கெடுக்கும் இடத்தையே மாற்றிவிட்டாரா? தற்செயல் என்றால் நாளையும் அங்கேயே வாங்கலாம். மாற்றம் என்றால் வேறு கடையைத் தேட வேண்டும். ஏஞ்சலா யூவும் பீட்டர் தயானும் 2005-இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்விரண்டையும் எதிர்பார்த்த உறுதியின்மை என்றும் எதிர்பாராத உறுதியின்மை என்றும் பிரித்தனர்.

இக்கட்டுரையில் மேற்கண்ட மூன்றும் முறையே இடர்நிலை, அறியாநிலை, மாறுநிலை எனப்படும். செரோட்டோனினைப் பற்றிய வலுவான சான்றுகள் பெரிதும் மூன்றாம் நிலையைச் சார்ந்தவை. பொதுவாக எழுதுவோர் மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால், ‘செரோட்டோனின் குறைந்தால் மனிதர் துணிந்து சூதாடுவர்’ போன்ற முடிவுகள் எளிதில் பிறந்துவிடுகின்றன.

குடலிலிருந்து மூளைக்கு

1930-களில் இத்தாலியரான விட்டோரியோ எர்ஸ்பாமர் குடற்சுவரின் உயிரணுக்களிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து ‘என்டெரமின்’ என்று பெயரிட்டார். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ரப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகியோர் குருதி நீரிலிருந்து நாளங்களைச் சுருக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். குருதி நீரைக் குறிக்கும் ‘சீரம்’, நாளத்தின் இறுக்கத்தைக் குறிக்கும் ‘டோன்’ ஆகிய இரு சொற்களிலிருந்து செரோட்டோனின் என்னும் பெயர் உருவாயிற்று. இரண்டும் ஒரே பொருள் என்பது பின்னரே தெரிந்தது. பெயரில் மகிழ்ச்சிக்கு இடமே இல்லை என்பதை இங்குக் கருதலாம்.

மூளையில் அதனைக் கண்டவர் பெட்டி ட்வாரோக். கடற்சிப்பியின் தசை தளர்வதற்குச் செரோட்டோனின் காரணமாவதை ஆராய்ந்திருந்த அவர், முதுகெலும்புள்ள உயிர்களின் மூளையிலும் அது இருக்கலாம் என்று கருதித் தேடினார். பேஜுடன் இணைந்து 1953-இல் அம்முடிவை வெளியிட்டார். இன்று மனவியலின் மையத்தில் வைத்துப் பேசப்படும் ஒரு பொருளுக்கு வழிகாட்டியது சிப்பி.

மூளையில் இதனைச் சுரக்கும் நரம்பணுக்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டில், ராஃபே கருக்கள் எனப்படும் தொகுதிகளில் அமைந்துள்ளன. மனித மூளையின் நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. அவற்றுள் செரோட்டோனின் நரம்பணுக்கள் சில லட்சமே. ஆனால் அவற்றின் இழைகள் மூளையின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளையும் சென்றடைகின்றன. அவ்விழைகள் விடுக்கும் செரோட்டோனினை ஏற்கும் ஏற்பிகள் பதினான்கு வகையின. இவ்வமைப்பே ஒரு செய்தியைச் சொல்கிறது. இவ்வளவு சிறிய கூட்டம் இவ்வளவு பரந்த பரப்புக்கு அனுப்புவது நுணுக்கமான தகவலாக இருத்தல் அரிது. எல்லாப் பகுதிகளும் ஒருசேரக் கேட்க வேண்டிய பொதுவான ஏதோவொரு நிலைக்குறிப்பாகவே அது இருத்தல் கூடும். அக்குறிப்பு யாது என்பதே வினா.

முதல் விடை: தண்டனையின் தூதன்

1997-இல் வோல்ஃப்ரம் ஷுல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மான்டேகு ஆகியோர் டோபமைன் நரம்பணுக்களைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டனர். எதிர்பார்த்ததைவிட மிகுதியான வெகுமதி கிடைத்தால் அவை கூடுதலாகத் துடிக்கின்றன. குறைவாகக் கிடைத்தால் அடங்குகின்றன. டோபமைன் வெகுமதியை அறிவிக்குமானால், தண்டனையை அறிவிப்பது எது? நதானியேல் டா, ஷாம் ககாடே, தயான் ஆகியோர் 2002-இல் அவ்விடத்தில் செரோட்டோனினை வைத்தனர். இரண்டும் தராசின் இரு தட்டுகள் போல எதிரெதிராகச் செயற்படும் என்பது அவர்களின் கணிப்பு. அழகிய கருதுகோள் அது. அழகே அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது எனலாம்.

இதனை மனிதரிடம் சோதிக்கும் வழி உணவு வழியாகவே அமைந்தது. செரோட்டோனினுக்கு மூலப்பொருள் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம். உடல் இதனை ஆக்க இயலாது. உணவிலிருந்தே பெற வேண்டும். குருதியிலிருந்து மூளைக்குள் நுழைவதற்கு இது பிற பெரிய அமினோ அமிலங்களோடு போட்டியிடுகிறது. ஆகவே, டிரிப்டோஃபேன் நீங்கலாகப் பிற அமினோ அமிலங்கள் நிறைந்த பானத்தைப் பருகினால், சில மணி நேரத்தில் குருதியில் அதன் அளவு பெரிதும் குறையும். எஞ்சியதும் போட்டியில் பின்தங்கும். மற்றொரு நாளிலோ மற்றொரு குழுவுக்கோ டிரிப்டோஃபேன் அடங்கிய பானம் தரப்பெறும். எது எந்தப் பானம் என்பதைப் பருகுபவரும் சோதிப்பவரும் அறியார். இம்முறையால் மூளையின் செரோட்டோனின் மெய்யாகவே எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

மாலி குரோக்கெட், லூக் கிளார்க், டிரெவர் ராபின்ஸ் ஆகியோர் 2009-இல் இம்முறையைப் பயன்படுத்தினர். தவறான செயலுக்குத் தண்டம் விதிக்கப்படும் சூழலில் மனிதர் இயல்பாகவே தயங்குவர். கை சற்றுத் தாமதிக்கும். டிரிப்டோஃபேன் குறைக்கப்பட்டவரிடம் இத்தாமதம் மறைந்தது. தண்டனை வரக்கூடும் என்னும் எண்ணம் செயலைத் தடுத்து நிறுத்துவதற்குச் செரோட்டோனின் தேவைப்படுகிறது என்பது இதனால் பெறப்பட்டது.

பென் சீமூரும் உடனாய்வாளரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இத்தெளிவைக் குலைத்தது. ஒவ்வொரு தேர்வுக்கும் பணமும் வலியும் தனித்தனி நிகழ்தகவில் வரக்கூடிய சோதனை அது. அந்நிகழ்தகவுகள் முன்கூட்டி அறிவிக்கப்படாதவை. தண்டனைத் தூதன் என்னும் கருத்துப்படி, டிரிப்டோஃபேன் குறைந்தால் வலியின் கணக்கே கெட வேண்டும். மாறாக, பணத்தின் மதிப்பே மங்கியது. அதாவது, இவ்வளவு வலிக்கு இவ்வளவு பணம் ஈடாகும் என்னும் மாற்றுவீதம் பிறழ்ந்தது. இதனின் வேறாக மற்றொரு விளைவும் தோன்றியது: என்ன கிடைத்தது என்பதைப் பொருட்படுத்தாமல் முன்பு தேர்ந்ததையே மீண்டும் தேரும் போக்கு கூடிற்று. கட்டுரையாளர் கருத்தில், இவ்விரண்டாம் முடிவே பின்வந்த ஆய்வுகளுக்குத் திறவுகோலாக அமைகிறது.

பழையதைக் கைவிடும் திறன்

தேர்ந்ததையே தேரும் இப்போக்கு முன்னரே குரங்குகளிடம் காணப்பட்டது. ஹன்னா கிளார்க், ஆஞ்சலா ராபர்ட்ஸ், ராபின்ஸ் முதலியோர் 2004-இல் ‘சயின்ஸ்’ இதழில் மார்மோசெட் குரங்குகளைப் பற்றி எழுதினர். இரு உருவங்களுள் ஒன்றைத் தொட்டால் வெகுமதி கிடைக்கும். குரங்கு இதனைக் கற்றபின் விதி தலைகீழாக்கப்படும். முன்பு பயன் தந்தது இப்போது தராது. இயல்பான குரங்கு சில முயற்சிகளில் மாறிக்கொள்ளும். முன்நெற்றிப் புறணியில் செரோட்டோனின் அகற்றப்பட்ட குரங்கோ, பயனற்றுப்போன பழைய உருவத்தையே விடாமல் தொட்டது. முதலில் கற்பதில் அதற்குக் குறையில்லை. கற்றதை விடுவதிலேயே குறை. பழக்கடை உவமையில் சொன்னால், பழம் அழுகியிருப்பதைக் கண்ணால் கண்டும் மறுநாள் அதே கடைக்கே போவதைப் போன்றது அது.

இதே கேள்வியை லிஸ்பன் நகரிலிருந்து ஆராய்ந்த சாரா மத்தியாஸ், சக்கரி மெய்னன் முதலியோர் 2017-இல் எலிகளின் ராஃபே நரம்பணுக்களை நேரடியாகக் கண்காணித்தனர். வெவ்வேறு வாசனைகளுக்கு வெவ்வேறு விளைவுகள் என்று பழக்கி, பின்னர் அவற்றை மாற்றியமைத்தனர். எதிர்பார்ப்பு பொய்த்தபோதெல்லாம் செரோட்டோனின் நரம்பணுக்கள் எழுச்சியுற்றன. எதிர்பார்த்ததைவிட நல்லது நேர்ந்தாலும் எழுச்சி. தீயது நேர்ந்தாலும் எழுச்சி. டோபமைன் இவ்விரண்டையும் பிரித்தறிகிறது, செரோட்டோனின் பிரிக்கவில்லை. நன்மை தீமை என்னும் தராசுத் தட்டுகளுக்கு இங்கு இடமில்லை. ‘உலகம் நீ எண்ணியபடி இல்லை’ என்பதே அது தரும் குறிப்பாகத் தோன்றுகிறது. அந்நரம்பணுக்களை அடக்கியபோது எலிகள் பழைய எதிர்பார்ப்பை விடத் தாமதித்தன.

2022-இல் கூப்பர் கிராஸ்மன், பிலால் பாரி, ஜெரமயா கோஹன் ஆகியோர் இதனைக் கணிதமாக்கினர். ஒவ்வொரு புதிய விளைவுக்கும் நம் கருத்தை எவ்வளவு திருத்திக்கொள்கிறோம் என்பது கற்றல் வீதம் எனப்படும். நிலையான உலகில் அது குறைவாக இருத்தல் நலம். ஒரேயொரு அழுகிய பழத்துக்காகக் கடையை மாற்றுவது அறிவுடைமையன்று. மாறும் உலகில் அது மிகுதியாக இருக்க வேண்டும். எலிகள் இவ்வீதத்தைச் சூழலுக்கேற்பக் கூட்டிக் குறைத்தன. செரோட்டோனின் நரம்பணுக்கள் பலவற்றின் துடிப்பு, அச்சூழலின் உறுதியின்மையோடு இயைந்து மாறியது. அவற்றைத் தடுத்தபோது கற்றல் வீதத்தைச் சரிசெய்யும் திறன் குறைந்தது.

விலங்கில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றிவிடலாகாது. டிரிப்டோஃபேன் குறைப்பு முறையில் மனிதரின் மாற்றுக் கற்றலை ஆராய்ந்தோர் கண்ட முடிவுகள் ஒருசீராக இல்லை; சிலவற்றில் குறை தென்பட்டது, பலவற்றில் தென்படவில்லை. ஓர் பானத்தால் நேரும் சிறு குறைவும், நரம்பிழைகளையே அழித்ததால் நேரும் பெருங்குறைவும் ஒன்றல்ல என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

காத்திருத்தல்

மாறுவது எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவையானது, மாறாமல் பொறுத்திருப்பது. திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழ் ஆய்வாளர் அறிவர். தேர்வதும் தேர்ந்ததைச் செய்யும் வேளைக்குக் காத்திருப்பதும் வேறு வேறு திறன்கள் என்னும் பகுப்பு அங்கே உண்டு. வள்ளுவர் நரம்பறிவியலை முன்னறிந்தார் என்பது இதன் கருத்தன்று. பகுப்பு பயனுடையது என்பதே கருத்து.

ஜப்பானின் ஒக்கினாவாவில் கட்சுஹிக்கோ மியாசாக்கி, கயோக்கோ மியாசாக்கி, கென்ஜி தோயா முதலியோர் எலிகளின் ராஃபே கருக்களை ஒளிமரபியல் முறையால் தூண்டினர். மரபணு வழியாக ஒளியுணர் புரதத்தை நரம்பணுவுக்குள் புகுத்தி, ஒளியைப் பாய்ச்சி அதனை இயக்குவது அம்முறை. 2014-இல் அவர்கள் கண்டது: செரோட்டோனின் நரம்பணுக்கள் தூண்டப்பட்ட எலிகள் உணவுக்காகக் கூடுதல் நேரம் காத்திருந்தன. பொறுமையின் வேதிப்பொருள் கிடைத்துவிட்டது என்று இதழ்கள் எழுதத் தொடங்கின.

2018-இல் அதே குழுவினர் வெளியிட்ட தொடராய்வே நம் பொருளுக்கு உயிரானது. உணவு கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடாக இருந்தபோது தூண்டல் காத்திருப்பை நீட்டித்தது. வாய்ப்பு 50 விழுக்காடாகவும் 25 விழுக்காடாகவும் குறைந்தபோது அதே தூண்டலால் பயன் விளையவில்லை. மேலும், வாய்ப்பு மிகுதியாக இருந்து, உணவு எப்போது வரும் என்பது மட்டும் தெரியாதிருந்த நிலையில் விளைவு மேலும் பெரிதாயிற்று. ஆகவே செரோட்டோனின் பொறுமையைப் பொத்தாம்பொதுவாக ஊட்டுவதில்லை. ‘வரும்; எப்போது என்பதுதான் தெரியவில்லை’ என்னும் நம்பிக்கை ஏற்கெனவே உள்ள இடத்தில் அதற்கு வலுவூட்டுகிறது. நம்பிக்கையற்ற இடத்தில் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

மனித மூளையில் ஓர் அளவீடு

உயிருள்ள மனித மூளையில் செரோட்டோனினின் கணநேர ஏற்றத்தாழ்வை அளக்க எளிய வழி இல்லை. பார்கின்சன் நோய் போன்றவற்றுக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவையின்போது நோயாளர் விழித்திருப்பதுண்டு. அவர்தம் இசைவுடன், மெல்லிய கரிம இழை மின்முனையால் டோபமைனையும் செரோட்டோனினையும் ஒரு நொடிக்கும் குறைந்த இடைவெளியில் அளக்கும் முறையை கென்னத் கிஷிடா, மான்டேகு முதலியோர் வளர்த்தனர். டான் பாங் தலைமையில் 2020-இல் வெளிவந்த ஆய்வில் ஐவர் பங்கேற்றனர். திரையில் நகரும் புள்ளிகள் எத்திசை நோக்கிச் செல்கின்றன என்பதை அவர்கள் தீர்மானிக்க வேண்டும். இங்கு வெகுமதியும் இல்லை, வலியும் இல்லை. காட்சி தெளிவற்றிருப்பது ஒருபுறம், முடிவு கடினமாயிருப்பது மறுபுறம் என்று இரண்டையும் தனித்தனியே மாற்றினர். வால்கரு என்னும் பகுதியில் அளக்கப்பட்ட நால்வருள் மூவரிடம், செரோட்டோனினின் அளவு காட்சியின் தெளிவின்மையைப் பின்தொடர்ந்து மாறியது.

நால்வருள் மூவர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்களும் நோயுற்றோர். ஆயினும் வெகுமதியும் தண்டனையும் அற்ற ஓரிடத்தில் செரோட்டோனின் உறுதியின்மையோடு இயைந்தது என்பது, மகிழ்ச்சிக் கோட்பாட்டாலும் தண்டனைக் கோட்பாட்டாலும் விளக்க இயலாத ஒன்று.

மருந்து உண்போர்க்கு இதனால் என்ன?

ஃபுளுவாக்சிட்டின் 1987-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் அதன் வகை மருந்துகளும், விடுபட்ட செரோட்டோனின் நரம்பணுவுக்குள் மீள உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. இத்தடை முதல் மாத்திரையிலேயே தொடங்கிவிடுகிறது. மனநிலை தேறுவதற்கோ வாரங்கள் ஆகின்றன. மகிழ்ச்சிப் பொருள் நிரம்புவதுதான் மருந்தின் வேலை என்றால் இத்தாமதத்துக்கு விளக்கமில்லை. கேத்தரின் ஹார்மரும் உடனாய்வாளரும் கண்டபடி, மனநிலை மாறுவதற்கு முன்பே மற்றொன்று மாறுகிறது: முகங்களிலும் சொற்களிலும் தீயதையே முந்திக் காணும் சாய்வு குறைகிறது. அச்சாய்வு குறைந்த கண்ணோடு நாள்தோறும் உலகைச் சந்தித்து, பழைய எதிர்பார்ப்புகளைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்வதற்குக் காலம் வேண்டும். ‘எதைச் செய்தாலும் பயனில்லை’ என்று கற்றுவிட்ட மனம், உலகம் மாறியிருக்கக்கூடும் என்பதை மீண்டும் கற்க வேண்டியுள்ளது.

ஜோவன்னா மான்கிரீஃப் முதலியோர் 2022-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, செரோட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்குச் சீரான சான்று இல்லை என்று கூறியது. அதன் முறையியலை மறுத்தோரும் உண்டு. அதனைப் படித்த சிலர் ‘மருந்தே பொய்’ என்று முடிவுகட்டினர். நோயின் காரணம் எது என்பதும் மருந்து பயன் தருமா என்பதும் வெவ்வேறு வினாக்கள். அச்செய்தியைக் கண்டு மருந்தைத் தாமே திடீரென நிறுத்துவோர்க்குத் தலைச்சுற்றல், உறக்கக்கேடு, படபடப்பு முதலிய தொல்லைகள் நேரக்கூடும்; அளவைக் குறைப்பது மருத்துவர் வழிப் படிப்படியாக நிகழ வேண்டியது.

இம்மருந்துகளை நெடுநாள் உண்போர் பலர், துயரம் தணிந்ததோடு மகிழ்வும் மங்கிவிட்டது என்று கூறுவதுண்டு. கிறிஸ்டெல் லாங்லி, பார்பரா சஹாகியன் முதலியோர் 2023-இல் இதற்கொரு தடயத்தைத் தந்தனர். நலமுள்ள 66 பேருள் 32 பேர்க்கு எஸ்சிட்டலோப்ராம் மருந்தும் ஏனையோர்க்கு மருந்துப்போலியும் 21 நாளேனும் தரப்பெற்றன. கவனமும் நினைவாற்றலும் குறையவில்லை. ஆனால் நிகழ்தகவு மாறிக்கொண்டே இருக்கும் கற்றல் சோதனையில், மருந்துண்டவர்கள் விளைவுகளுக்குக் குறைவாகவே செவிசாய்த்தனர். வெகுமதி கிட்டினாலும் கிட்டாவிட்டாலும் அது அவர்களின் அடுத்த தேர்வை முன்போல அசைக்கவில்லை. நோயாளர் கூறும் அம்மங்கலுக்கு இதுவே அடிப்படையாகலாம் என்பது அவ்வாய்வாளரின் கருத்து. டிரிப்டோஃபேனைக் குறைத்தபோது வெகுமதியின் மதிப்பு மங்கியதாகச் சீமூர் கண்டார். மருந்தால் செரோட்டோனின் செயற்பாட்டைக் கூட்டிய இங்கும் ஏறத்தாழ அதுவே காணப்படுகிறது. கூடினாலும் குறைந்தாலும் ஒரே திசையில் விளைவு தோன்றுவது ஏன் என்பதற்கு உரிய விளக்கம், ஏற்பிகளின் பதினான்கு வகைகளையும் தனித்தனியே ஆராய்வதிலிருந்தே இனி வர வேண்டும்.